மோதாத ஆள்

முள்ளோடை எல்லைப் பலகையை ஒட்டி
மதகுச் சுவரில் முட்டிக்கொண்டு
மூக்கு தமிழ்நாட்டிலும் வால் புதுச்சேரியிலுமாக
நின்றது என் கார்.
"சறுக்க ஆரம்பிச்சது அங்கதானே" என்றார்
ரெட்டிச்சாவடி ஏட்டு.
"நொறுங்குனது அங்கதானே" என்றார்
கிருமாம்பாக்கம் ஏட்டு.
இரண்டு 'அங்க'வுக்கும் நடுவே
பதினெட்டு நாள் அலைந்தேன்,
ஒரே ஒரு காகிதத்துக்கு.

செம்மண்டலத்தில் சிக்கந்தர் ஒர்க்‌ஷாப்பின் பின்பக்கம்,
சர்வேயர் தனசீலன்
செருப்பில் சேறு படாமல் ஒரு கல்மேல் நின்று
ஏழெட்டுப் படம் எடுத்தார்.
பிறகு சும்மா கேட்பதுபோல:
"பாண்டியிலிருந்து திரும்பி வரும்போதா சார்?"
ராத்திரி ஒன்பதரைக்கு அந்தச் சாலையில்
தெற்கே பார்த்து வருகிறவன்
வேறெதற்குப் போயிருப்பான்!
காதுகுத்துக்குப் போனோம் என்றேன்.
அரியாங்குப்பம், என் மச்சான் பேரனுக்கு.
தாம்பூலப் பையைக்கூடக் காட்டினேன்.
சிரித்தபடி எழுதிக்கொண்டார், எதையோ.
அந்தப் பையிலிருந்த தேங்காய் மட்டும்
உடையவே இல்லை.

அரசியின் மணிக்கட்டு
ஆறு வாரத்தில் கூடிவிட்டது.
நகல் கேட்கவில்லை,
அசலோடு வா என்று திருப்பி அனுப்பவில்லை.
எலும்பு தன்பாட்டுக்கு எலும்பைத் தேடி
இருட்டில் போய் ஒட்டிக்கொண்டது.
அந்தக் கையால்தான் இப்போது
என் கடிதங்களுக்குப் பின் அடித்துத் தருகிறாள்.

ஓடாத காருக்கு
ஐந்தாம் தேதியானால் ஓடுகிறது தவணை.

நூறடிச் சாலையில் இரண்டாவது மாடி.
ஜோஸ்பின் மேடத்தைக் குறைசொல்ல மாட்டேன்.
தன் பாட்டிலிலிருந்தே தண்ணீர் ஊற்றித் தருவார்.
"ஃபைல் சென்னைக்குப் போயிருக்கு சார்."
சென்னையில் கேட்டால் விழுப்புரம்.
விழுப்புரத்தில் மணி அடித்துக்கொண்டே இருக்கும்.
நான்காவது முறை போனபோது
அவர் நாற்காலியில் வேறொருவர்.
காரைக்காலுக்கு மாற்றிவிட்டார்களாம்.
"முதல்லேர்ந்து சொல்லுங்க" என்றார் புதியவர்.

சொன்னேன்.
யார்மேல் மோதினீர்கள்?
யார்மேலும் இல்லை.
பிறகு ஏன் திருப்பினீர்கள்?
ஒரு ஆள் குறுக்கே வந்தார்.
பெயர்?
தெரியாது.
சாட்சி?
அவர்தான்.

மடித்துக் கட்டிய கைலி,
ஒரு கையில் கட்டைப்பை,
இன்னொரு கை பஸ்ஸை நிறுத்துவதுபோல் தூக்கியபடி.
என் விளக்கு வெளிச்சத்தில்
முகம் வெள்ளைத்தாளாக இருந்தது.
கண்ணாடி பொலபொலவென்று கொட்டி முடித்த பிறகு
ஜன்னல் பக்கம் குனிந்து
"பாத்துப் போ நைனா" என்றார்.
போய்விட்டார்.

மோதியிருந்தால் அவருக்கு இடம் உண்டு அந்தப் படிவத்தில்:
வயது, மாத வருமானம், வாரிசுகள்.
வீடு போய்ச் சேர்ந்த ஆளுக்கு
ஒரு கோடுகூட விடவில்லை.
'இதர விவரங்கள்' என்ற அரை அங்குலத்தில்
அவரை எழுதிப் பார்த்தேன்.
புதியவர் அடித்துவிட்டார்,
"தேவையில்லாத கேள்வி வரும் சார்."

ஐப்பசி மழையில் டேஷ்போர்டில் காளான் பூத்திருக்கிறது.
பழைய இரும்புக்காரன் ரெண்டு தடவை வந்துபோனதாகச்
சிக்கந்தர் சொல்கிறார்,
தரையைப் பார்த்துக்கொண்டு.

இப்போது பஸ்தான்.
மதகுச் சுவரைப் பூசி
கறுப்பு வெள்ளைப் பட்டை அடித்தாயிற்று.
முள்ளோடையில் வேகம் குறைந்தால்
ஏறுகிறவர்களை ஒவ்வொருவராகப் பார்க்கிறேன்.
எல்லோர் கையிலும் கட்டைப்பை.

நேற்று ஒருவர் என் பக்கத்தில் உட்கார்ந்தார்.
பெரியகாட்டுப்பாளையம் தாண்டும் முன்பே
என் இடது தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார்.
வாடை, வியர்வை, எண்ணெய்த் தலை.
சட்டைப்பையில் கைபேசி அதிர்ந்தது.
அந்த எண்ணாகத்தான் இருக்கும்,
மாலை நேரத்தில்தான் கூப்பிடுவார்கள்.
எடுக்க வேண்டுமென்றால்
அந்தத் தலையை நகர்த்த வேண்டும்.
அதிர்ந்து அதிர்ந்து
மஞ்சக்குப்பத்துக்கு முன்னால் நின்றது.